மாப்பிள்ளைக்குச் சர்க்கரை

அந்த ரயில் நிலையத்தில் அவளுடைய குரலைக் கேட்காத ஆள் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்களை வேண்டுமானால் விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் பிளாட்பாரத்து மாடியில், புறா எச்சம் படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குட்டி அறை. அதில் ஒரு மைக், அதைத் திறந்தால் எரியும் சிவப்பு விளக்கு, ஒரு கால் ஆடும் நாற்காலி. அங்கே உட்கார்ந்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பவர்கூட கண்ணைத் திறக்காமலே பையைத் துழாவுவார். வண்டி தாமதம் என்பதைக்கூட விருந்துக்கு அழைக்கிற மாதிரிச் சொல்லத் தெரிந்தவள்.

வீட்டுக்கு வந்துவிட்டால் ஆளே வேறு. பாதி வார்த்தைதான் வெளியே வரும். மீதியை அவள் புருஷன் ஊகித்துக்கொள்ள வேண்டும். புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், எல்லோருக்கும் வாத்தியார். இத்தனை வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் சுவரை நோக்கிப் போகும்போதெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தன்னால் மிதிக்கும். டிவியில் எவனாவது காரை வேகமாகத் திருப்பினால் போதும்.

அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. மாப்பிள்ளை மட்டும் உண்டு.

மாப்பிள்ளை என்பது ஒரு மஞ்சள் பூனை. ஒரு மழை நாளில் பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே குதித்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, இருப்பதிலேயே நல்ல நாற்காலி எதுவென்று பார்த்து, அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மீன் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாலு தடவை கெஞ்சிய பிறகு, போனால் போகிறதென்று சாப்பிட்டது. "என்னம்மா இது, பொண்ணு குடுக்காமலே மாப்பிள்ளை வந்து உக்காந்திருக்கார்!" என்றார் வாத்தியார். பெயர் ஒட்டிக்கொண்டது, பெயரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. "மாப்பிள்ளை எழுந்தாச்சா?" "மாப்பிள்ளை கோவமா இருக்கார், மீன் ஆறிப்போச்சாம்." அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவரை அது இது என்று சொன்னதில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

அந்த வருஷம் மாப்பிள்ளைக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சாதாரணத் தாகம் இல்லை. தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, குளியலறை வாளிக்குள் தலையை விட்டார். பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரையும் விட்டுவைக்கவில்லை. அவர் சிறுநீர் கழிக்கும் மணல் தட்டைக் காலையில் பார்த்தால், யாரோ சிமெண்டு கலந்துவிட்டுப் போன இடம் மாதிரிக் கட்டிகட்டியாக இருந்தது. தட்டுத் தட்டாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பின்னங்காலின் குதியைத் தரையில் பதித்து, அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி தொப்புத் தொப்பென்று நடந்தார்.

மிருக டாக்டர் ஒரு இளம்பெண். படபடவென்று பேசுகிறவர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சுகர்" என்றார்.

அவள் சட்டென்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கில்லம்மா, மாப்பிள்ளைக்கு!" என்றார் வாத்தியார். அவருக்கும் சுகர் உண்டு. மாத்திரை போடுவார், அதோடு சரி. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள் வாங்கி வந்த சுகர் மெஷின், டப்பாகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. ஊசி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார்: "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, பன்னண்டு மணி நேர இடைவெளி. முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் ஊசி. சாப்பிடலன்னா எனக்கு போன் பண்ணாம போடாதீங்க. இந்த மருந்தைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில வச்சு உருட்டணும். இந்த மருந்துக்கு இந்த சிரிஞ்சுதான், கடையில வேற குடுத்தா வாங்காதீங்க, அளவுக்கோடு மாறிடும். பாக்கெட்ல வர்ற மொறுமொறு பூனைத் தீனியெல்லாம் நிறுத்திடுங்க, மாவு ஜாஸ்தி. டின் மீன், வேக வச்ச கறி, அவ்வளவுதான். தேன் ஒரு பாட்டில் எப்பவும் வீட்ல இருக்கட்டும்."

"தேன் எதுக்கு டாக்டர், இப்பத்தான் சுகர்னு சொன்னீங்க?"

"மருந்து அதிகமாப் போய் சுகர் தடால்னு இறங்கிட்டா, ஈறுல தடவறதுக்கு. இறங்கறதுதான் ஏறறதைவிட ஆபத்து."

"ஊசி யாரு போடறது?" என்று கேட்டார் வாத்தியார், ஈனசுரத்தில்.

"நீங்கதான்."

வாத்தியாரின் வலது கால் டாக்டரின் மேஜைக் காலை ஓங்கி மிதித்தது.

அவள்தான் போட்டாள். முதலில் சோபாத் திண்டுக்கு வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றிப் பழகினாள். திண்டு சமர்த்தாக இருந்தது. மாப்பிள்ளை திண்டு இல்லை. முதல் நாள், முதுகுத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்தினாள். ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. மருந்து முடியில் சொட்டி, வீடெல்லாம் ஆஸ்பத்திரி வாடை. டாக்டருக்கு போன் போட்டால், "எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியாது, அதனால மறுபடி போடாதீங்க. அடுத்த வேளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வேளை, மாப்பிள்ளையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்த வாத்தியாரின் கட்டை விரலில் ஊசி முனை லேசாகப் பட்டது. ஒரு பொட்டு மருந்துகூட உள்ளே போகவில்லை. ஆனால் வாத்தியார் தனக்கு சுகர் தடாலென்று இறங்கிவிட்டதாகச் சொல்லி, சாக்கோடு சாக்காக ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டார்.

மூன்றாவது வேளைக்கு அவளுக்குக் கை நடுங்கியது. அறையில் மைக்கின் முன்னால் நடுங்காத ஒருத்தி, தன் வீட்டுச் சமையலறையில் ஒரு பூனைக்கு முன்னால் நடுங்கினாள். நடுக்கத்தை மறைக்க வாயைத் திறந்தால், அவளை அறியாமல் அந்தக் குரல் வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

மாப்பிள்ளை அப்படியே நின்றார். இரண்டு காதும் புனல் மாதிரி அவள் பக்கம் திரும்பின.

"சமையலறையிலிருந்து சோபா வழியாக ஜன்னல் வரை செல்லும் மாப்பிள்ளை, இன்னும் சில நொடிகளில்," இங்கே ஊசி உள்ளே போனது, "புறப்படத் தயாராக உள்ளார்."

மருந்து இறங்கியதே தெரியாமல் மாப்பிள்ளை இன்னும் ஏதாவது அறிவிப்பு வருமா என்று காத்திருந்தார். வாத்தியார் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையில் சிரிஞ்சோடு தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

ஊசி வசப்பட்டது, நேரம்தான் வசப்படவில்லை. அவளுடைய ஷிப்ட் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை. மாப்பிள்ளைக்கோ இரண்டு வேளையும் அவள் வேண்டும். புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் நின்றாள். கறாரான ஆள் என்று பெயர். அவர் முன்னால் அவளுக்கு வீட்டுப் பேச்சுதான் வந்தது, பாதிப் பாதியாக.

"சார், மாப்பிள்ளைக்கு சுகர். ரெண்டு வேளையும் ஊசி. நான்தான் போடணும்."

"அவரே போட்டுக்க மாட்டாராம்மா?"

"அவருக்கு எப்படி சார் வரும்?"

"பொண்ணு போடலாமே?"

"பொண்ணு இல்ல சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பொண்ணு இல்லாமப் போயும், மாப்பிள்ளையை வீட்ல வச்சு..." ஷிப்ட் நோட்டைப் பக்கத்தில் இழுத்தார். "இந்தக் காலத்துல யாரும்மா இப்படிப் பாப்பாங்க? இனிமே உங்களுக்குப் பகல் ஷிப்ட் மட்டும்தான்."

அவள் தலைகால் புரியாமல் வெளியே ஓடி வந்தாள். அவர் என்ன சொன்னார் என்று யோசிக்கவே இல்லை. விடுமுறை நாளன்று வாசல் மணி அடித்து, பெரிய கூடை நிறைய ஆரஞ்சும் ஆப்பிளுமாக ஸ்டேஷன் மாஸ்டரும் அவர் மனைவியும் வந்து நின்றபோதுதான் ஏதோ ஒன்று இடித்தது.

"மாப்பிள்ளையைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் அவர், மெல்லிய குரலில். "எங்க அவரு?"

"உள்ளே குளிச்சுட்டிருக்கார்" என்றார் வாத்தியார். அது உண்மைதான். மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து தன்னை நக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா நடமாடறாரா?"

"அதெல்லாம் நடக்கறார் சார். பின்னங்கால்தான் கொஞ்சம் தொய்வா இருக்கு."

"பின்னங்..." என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளை தொப்புத் தொப்பென்று கூடத்துக்கு வந்தார். விருந்தாளி உட்கார்ந்திருந்தது அவருடைய நாற்காலி. முன்னால் நின்று, எழுந்திரு என்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்.

"இவர்தான் சார்" என்றாள் அவள், செத்த குரலில்.

முதலில் சிரிப்பு வந்தது ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவிக்குத்தான். முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். "மூணு நாளா இவர் சரியாச் சாப்பிடலம்மா! அந்த அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு புலம்பல்!" ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாக எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். "ஷிப்ட் அப்படியே இருக்கட்டும்" என்றார் அவர். "இவரும் நோயாளிதானே."

இவ்வளவு செய்தும் சுகர் இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், வீட்டிலேயே பாருங்கள் என்று டாக்டர் சொன்னதால், வாத்தியாருக்கு வாங்கிய மெஷினை அவள் பிரித்தாள். "மனுஷங்க மெஷின் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும், பரவாயில்லை" என்றிருந்தார் டாக்டர். "ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சாப் போதும்." வெதுவெதுப்பான துணியால் காது மடலைச் சூடாக்கி, ஓரத்தில் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் வரும். அதை மெஷினில் செருகிய ஸ்ட்ரிப் உறிஞ்சுவதற்குள் மாப்பிள்ளை தலையை உதறினால், சுவரில் பொட்டு, மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரத்தில் அதுவும் கைவந்தது. ஆனால் மாலையில் பார்க்கும்போதெல்லாம் எண் எகிறிக் கிடந்தது. டாக்டர் மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். அப்போதும் எகிறியது. இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

ஒருநாள் தண்டவாள வேலை என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அறிவிக்க ஒன்றும் இல்லாமல் போனதால் மத்தியானமே கிளம்பினாள். வீட்டுக்குக் கீழே மர நிழலில், கற்றுக்கொடுக்கும் கார் கண்ணாடி ஏற்றியபடி நின்றது. உள்ளே ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தாள்.

ஓட்டுநர் சீட்டில் வாத்தியார். பக்கத்து வாத்தியார் சீட்டில் மாப்பிள்ளை. நடுவில் கண்டென்ஸ்டு மில்க் டின். வாத்தியார் கரண்டியால் வழித்துச் சப்ப, மாப்பிள்ளை டின் மூடியை நக்க, இரண்டு பேரும் சொர்க்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கண்ணாடியில் தட்டினாள். வாத்தியாரின் கால் பிரேக்கை மிதித்தது. நின்றிருக்கும் காரில்.

"எத்தனை நாளா நடக்குது?"

"மாப்பிள்ளைதாம்மா கேட்டார்" என்றார் வாத்தியார், மீசையெல்லாம் பாலாக.

இரண்டு பேரையும் மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளையின் காதில் ஒரு குத்து. அடுத்து, ஓடப் பார்த்த வாத்தியாரின் விரலில் ஒரு குத்து. எண்களைப் பார்த்துவிட்டு, "வெட்கமா இல்ல?" என்றாள். "மாப்பிள்ளையைவிட மாமனாருக்கு ஜாஸ்தி!" அன்றோடு டின் குப்பைக்குப் போனது. வாத்தியார் பெட்டிப் பாம்பாக அடங்கி, மாப்பிள்ளையோடு சேர்ந்து வேளாவேளைக்குச் சாப்பிட்டார்.

டாக்டரிடம் மட்டும் அவள் இதைச் சொல்லவில்லை. புருஷனும் பூனையும் காருக்குள் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பால் நக்கினார்கள் என்று ஒரு படித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அந்த வெட்கம்தான் வினையானது. பால் நின்றுபோனது, பாலுக்காகக் கூட்டிய மருந்து நிற்கவில்லை. மாலையில் எண் இறங்கியதைப் பார்த்து அவள் சந்தோஷம்தான் பட்டாள்.

சில நாள் கழித்து, காலை நெரிசல் அடங்கிய நேரம். வடக்கே போகும் வண்டிக்காக மைக்கைத் திறந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "பயணிகளின்" என்பதற்குள் கைபேசி அதிர்ந்தது. வாத்தியார் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. எடுத்தாள். மைக்கை மறந்தாள்.

"என்னங்க?"

"மாப்பிள்ளை குடிச்சவர் மாதிரி ஆடறாரும்மா! சுவத்துல மோதறார், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறார்!"

"ஐயோ, மாப்பிள்ளை தள்ளாடறாரா? காலையில சாப்பிட்டாரா?"

"பாதியை வச்சுட்டாரும்மா. நீ ஊசி போட்டுட்டு ஓடிட்ட."

"தேனை எடுங்க! சீக்கிரம்! வாயில ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும்! விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. ஈறுலங்க! மாப்பிள்ளையோட ஈறுல!"

கீழே நாலு பிளாட்பாரத்திலும் ஜனங்கள் அப்படியே நின்றார்கள். கூலிக்காரர் ஒருவர் தலையில் பெட்டியோடு அண்ணாந்து பார்த்தார்.

"தடவிட்டேன். இப்ப?"

"காதைக் குத்தி சுகர் பாருங்க."

"நானா? கை நடுங்குதும்மா!"

அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு அந்தக் குரலை எடுத்தாள், அதன் முழு அழகோடு. "வாத்தியாரின் கனிவான கவனத்திற்கு. காதின் ஓரத்தை இரண்டு விரலால் பிடிக்கவும். மூச்சை இழுத்து விடவும். குத்தவும்."

பிறந்ததிலிருந்து ஊசியைத் தொடாத அந்த மனுஷன் குத்தினார். எண்ணைச் சொன்னார். மிகவும் தாழ்ந்திருந்தது.

"இன்னும் தேன் தடவுங்க. தடவிக்கிட்டே இருங்க. பேசுங்க அவர்கிட்ட!"

"மாப்பிள்ளை, எந்திரிங்க மாப்பிள்ளை" என்று வாத்தியார் அழுகிற குரல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அவளுக்கு நாற்காலியின் ஆடும் கால்கூட நின்றுபோன மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு அலறல்.

"கடிச்சுட்டார்! என்னைக் கடிச்சுட்டாரும்மா!"

"கடிச்சுட்டாரா!" அவள் துள்ளி எழுந்தாள். "மாப்பிள்ளை கடிச்சுட்டாரா! அப்பாடா, பிழைச்சுட்டார்! மீன் குடுங்க, நிறைய மீன் குடுங்க! டாக்டர்கிட்ட உடனே தூக்கிட்டுப் போங்க, நான் அங்க வந்துடறேன்!"

போனை வைத்தபோதுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். ஊர்ப்பட்ட கூட்டம் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடி வந்தார். வேலை போச்சு என்று நினைத்தாள்.

"கடிச்சுட்டாரா, உண்மையாவே?" என்றார் அவர், மூச்சிரைக்க.

"ஆமா சார்."

"அப்ப அதை ஒழுங்கா அறிவிச்சுட்டுக் கிளம்புங்கம்மா. யாரும் வண்டியில ஏற மாட்டேங்கறாங்க. மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு தெரியணுமாம்."

அவள் உட்கார்ந்தாள், தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மாப்பிள்ளை நலமாக உள்ளார். வடக்கு நோக்கிச் செல்லும் வண்டி இரண்டாவது பிளாட்பாரத்திலிருந்து புறப்படும்." கீழேயிருந்து எழுந்த கைதட்டலில் புறாக்களெல்லாம் கூரையை விட்டுப் பறந்தன. எந்த மாப்பிள்ளை, யார் யாரைக் கடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே தட்டினார்கள்.

டாக்டரிடம் அவள் கண்டென்ஸ்டு மில்க் கதையை ஒன்றுவிடாமல் கொட்டினாள். டாக்டர் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். "என்கிட்ட மறைச்சு என்னத்தைச் சாதிச்சீங்க? இல்லாத சுகருக்கு நான் மருந்து கூட்டிட்டிருக்கேன்!" மாப்பிள்ளையை அன்று முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்து, மருந்தைப் பாதிக்குமேல் குறைத்தார். பிறகு வாரத்துக்கு வாரம் எண் இறங்க இறங்க, மருந்தும் இறங்கியது. குதி தரையை விட்டு எழுந்தது. ஒருநாள் மாப்பிள்ளை ஃப்ரிட்ஜின் மேலேயே தாவி ஏறி, அங்கிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு விழுவதை வேடிக்கை பார்த்தார். அவளும் வாத்தியாரும் திட்டவில்லை. கையைக் கோத்துக்கொண்டு நின்று ரசித்தார்கள்.

வாத்தியாருக்கும் எண் இறங்கியது. இப்போதெல்லாம் மாப்பிள்ளையின் காதை அவரே குத்துகிறார். தன் விரலையும் அவரே குத்திக்கொள்கிறார், இரண்டாவதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு.

கடைசியில் ஒரு காலை, டாக்டர் மெஷினைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், "ஊசியை நிறுத்திடலாம்" என்றார். "சில பூனைகளுக்கு இப்படி ஆகும். மறுபடி வரலாம், அதனால வாரம் ஒரு தடவை காதைப் பாருங்க. சாப்பாட்டை மாத்தாதீங்க. இன்னிக்கு ஊசி வேண்டாம்."

காருக்கு வந்து ஏறினார்கள். அவள் மடியில் கூடை, கூடைக்குள் மாப்பிள்ளையின் புலம்பல். வாத்தியார் சாவியைத் திருப்பினார். சிக்னலில் பச்சை விழுந்தது. எத்தனையோ பேருக்குக் கிளச்சை மெதுவாக விடக் கற்றுக்கொடுத்த மனுஷன், சந்தோஷத்தில் அதைத் தடாலென்று விட, வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி துள்ளியது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. அவள் கூடையின் மேல் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், நிறுத்த முடியவில்லை.

பின்னாலிருந்த லாரி டிரைவர் இறங்கி விறுவிறுவென்று சண்டைக்கு வந்தார். கூரைமேல் இருந்த கார் பயிற்சிப் பலகையைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்த நரைத்தலையைப் பார்த்தார். முகம் இளகிவிட்டது.

"பரவாயில்லண்ணே, பதறாதீங்க" என்றார், ஜன்னலில் குனிந்து. "கிளச்சை மெதுவா விடுங்க. பழகப் பழக வந்துடும்."

"சரிங்க" என்றார் வாத்தியார், அடக்கமாக. மெதுவாக விட்டார். வண்டி நகர்ந்தது.